ஓய்வறையும் சமையலறையும்: இரு அமெரிக்கச் சிறுகதைகள் பற்றிய வரலாற்று நோக்கு

பெண்களின் மனக்குமுறலைப் பொருளாகக் கொண்ட சிறுகதைகளைத் தனிமனித உளச்சிக்கலின் சித்திரங்களாக மாத்திரம் கொள்ளும் போக்குத் திறனாய்வுலகில் நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. அக்குமுறலின் வேரினை இல்லத்தின் உழைப்பமைப்பிலேயே தேடுதல் வேண்டும் என்பது எமது கருத்தாகும். இதனை விளக்கும்பொருட்டு, கால் நூற்றாண்டு இடைவெளியில் வெளிவந்த இரு அமெரிக்கச் சிறுகதைகளை நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

கைத்தொழிற் புரட்சியின் விளைவாக நூற்றல், நெய்தல் முதலிய வேலைகள் வீட்டைவிட்டுத் தொழிற்சாலையைச் சென்றடைந்தன. நடுத்தர வர்க்கத்தினரிடையே மனைவியின் ஓய்வு கணவனது அந்தஸ்தின் அடையாளமாயிற்று. நவீன குடும்பத்தின் அடித்தளம் மனைவியின் வீட்டடிமைத்தனமே என 1884 இல் ஏங்கல்ஸ் வாதிட்டார். அதே ஆண்டில் திருமணம் புரிந்தவர் ஷார்லட் பேர்க்கின்ஸ் கில்மன். மகப்பேற்றின் பின் கடும் மனச்சோர்வுக்காளான அவருக்கு, 1887 இல் மருத்துவர் வியர் மிச்செல் 'ஓய்வுச் சிகிச்சை' அளித்தார். இல்லறத்திலேயே ஒன்றியிருக்குமாறும் பேனாவைத் தொடாதிருக்குமாறும் தமக்கு விதிக்கப்பட்டதாகக் கில்மன் 1913 இல் எழுதினார்.

அவ்வனுபவத்தின் இலக்கிய வடிவமே 'மஞ்சட் சுவர்த்தாள்' (1892). மருத்துவனான கணவன், எழுதுவதைத் தடைசெய்து, கம்பியிட்ட சாளரங்களையுடைய அறையொன்றில் மனைவியை ஓய்வெடுக்கச் செய்கின்றான். விருப்பமான வேலையே தன்னைக் குணமாக்கும் என அவள் நம்புகின்றாள். அந்நம்பிக்கை நோயின் அறிகுறியாகக் கொள்ளப்படுகின்றது. ஈற்றில், சுவர்த்தாளின் கோலங்களுக்குள் அடைபட்ட பெண்ணொருத்தியைக் கண்டு, தானே அவளாகி விடுகின்றாள்.

ஆயினும் இங்கு ஒரு வினா எழுகின்றது. அவ்வீட்டில் வேலை செய்வோர் யாவர்? குழந்தையை மேரி பராமரிக்கின்றாள். வீட்டைக் கணவனின் சகோதரி நிர்வகிக்கின்றாள். ஒருத்தியின் கட்டாய ஓய்வு ஏனைய பெண்களின் உழைப்பிலே தங்கியுள்ளது. சுவர்த்தாளுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணைக் காணும் கதை, குழந்தையைத் தாங்கி நிற்கும் மேரியை ஏறத்தாழக் காணவேயில்லை. இக்குறை ஆசிரியரின் வர்க்க நிலைப்பாட்டின் விளைவெனலாம்.

சூசன் கிளாஸ்பெல்லின் 'அவளையொத்தோரின் யூரர் சபை' (1917) எம்மைச் சமையலறைக்கு இட்டுச்செல்கின்றது. 1900 இல் அயோவாவில் கமக்காரர் ஒருவர் கொலையுண்டார். அவரது மனைவி மீதான வழக்கு விசாரணை குறித்துப் பத்திரிகையாளராகச் செய்தி எழுதியவர் கிளாஸ்பெல். கதையில், கணவனைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும் பெண்ணின் வீட்டில் ஆண்கள் சான்று தேடுகின்றனர். சமையலறையை அற்பமென ஒதுக்குகின்றனர். அவர்களுடன் வந்த இரு பெண்களோ, பழுதடைந்த அடுப்பிலும், கோணலாகிய தையலிலும், கழுத்து முறிக்கப்பட்ட பாடும் பறவையிலும் ஒரு வாழ்வின் வரலாற்றையே வாசிக்கின்றனர். அவ்வேலைகளைத் தாமும் செய்தமையாலேயே அவர்களால் அதனை வாசிக்க முடிகின்றது. பெண்கள் யூரராக அமர இயலாதிருந்த அக்காலத்தில், சான்றை மறைப்பதன் மூலம் அவர்கள் தமது தீர்ப்பை வழங்குகின்றனர்.

முதற்கதையின் நாயகி உழைப்பு மறுக்கப்பட்டுத் தனிமையிற் சிதைகின்றாள். இரண்டாவது கதையின் பெண்கள் பொதுவான உழைப்பினூடாக ஒருவரையொருவர் இனங்காண்கின்றனர். குமுறல் கூட்டுணர்வாக மாறும் இடம் இதுவேயாகும். எனினும் அக்கூட்டுணர்வு மௌனத்தைத் தாண்டி ஒரு கோரிக்கையாக வளரவில்லை. அவ்வளர்ச்சி எழுத்தினால் மட்டும் நிகழ்வதன்று. வீட்டுழைப்பைச் சமூகத்தின் பொறுப்பாக்கும் போராட்டத்திலேயே அது தங்கியுள்ளது.