மலிவும் எடைக்குறைவும்: சிறுமடிக்கணினியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு கருவியின் வரலாற்றை அதனை ஆக்கியோரின் வரலாறாக மட்டும் எழுதுவது பெருவழக்கு. அதனைப் பணங்கொடுத்து வாங்கியோர் எதனை எதிர்பார்த்தனர், எதனைப் பெற்றனர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. மலிவானதும் எடைகுறைந்ததுமான சிறுமடிக்கணினியின் வரலாற்றை இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டு எழுதமுடியாது. தன் நாளாந்த வேலைகளுக்கு இத்தகைய கணினி போதுமா என ஒரு மாணவன் தீர்மானிக்க முற்படும்போது, அது அவனது தனிப்பட்ட தெரிவாகவே தோன்றுகின்றது. ஆயினும், 'போதும்' என்பதன் எல்லையை அவனுக்கு முன்னரே வேறு பலர் வகுத்துவிட்டனர். அவ்வெல்லை எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையிலே எடுத்துச் செல்லத்தக்க மலிவான கணினி பற்றிய கனவு, அக்கணினியிலும் பார்க்க மிகப் பழையது. 1972 ஆம் ஆண்டிலே செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளரான அலன் கே, குறிப்பேட்டளவினதாய், 4 இறாத்தலுக்கு உட்பட்ட எடையினதாய், ஏறத்தாழ 500 டொலர் விலையினதாய்ச் சிறுவர்க்கான கணினியொன்றைக் கற்பனை செய்து அதற்கு டைனாபுக் எனப் பெயரிட்டார். அக்காலத் தொழினுட்பம் அதற்கு இடந்தரவில்லை. 1981 இல் விற்பனைக்கு வந்த ஓஸ்போண் 1 'எடுத்துச் செல்லும் கணினி' எனப் பெயர்பெற்றது. ஆனால் அதன் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். விலை 1,795 டொலர். திரையோ 5 அங்குலம். 1983 இல் வெளிவந்த ரிஆர்எஸ்-80 மொடல் 100 என்பதே இவ்வரலாற்றில் முதலிற் கவனிக்கத்தக்கது. ஒரே தடவையில் எட்டு வரிகளை மட்டுமே காட்டவல்ல அக்கணினி, நான்கு சிறு மின்கலங்களில் பல மணிநேரம் இயங்கியது. பத்திரிகை நிருபர்கள் அதனை விரும்பி ஏற்றனர். எழுதுவதும், எழுதியதைத் தொலைபேசிக் கம்பிவழி அனுப்புவதுமே அவர்களது தேவைகள். அவ்விரண்டையும் அது செம்மையாகச் செய்தது. ஒரு கருவியின் வலு வேறு, ஒரு வேலைக்கு அதன் பொருத்தம் வேறு என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி தெளிவுறுத்துகின்றது.

இதற்குப் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடைக்குறைவும் மலிவும் ஒன்றுக்கொன்று பகையாகவே இருந்தன. 1996 இல் ரொஷிபா நிறுவனம் வெளியிட்ட லிபிரெற்றோ 1 கிலோகிராமுக்கும் குறைவான எடையினது. அதனை வாங்கும் ஆற்றல் வசதிபடைத்தோருக்கே இருந்தது. சிறியது என்பதற்காகவே கூடிய விலை கொடுக்கவேண்டிய நிலை நிலவியது.

இந்நிலையைக் குலைத்தது வணிகமன்று. கல்விநோக்குடைய ஒரு முயற்சியாகும். 2005 சனவரியில் நிக்கலஸ் நெக்ரொபொன்ரே, வளர்முக நாடுகளின் பிள்ளைகளுக்கென 100 டொலர் மடிக்கணினி ஒன்றை அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் தூனிஸ் நகர மாநாட்டிலே அதன் மாதிரியுரு காட்டப்பெற்றது. 2007 நவம்பரில் பேரளவு உற்பத்தி தொடங்கியபோது விலை ஏறத்தாழ 190 டொலராகியிருந்தது. வெயிலிலும் வாசிக்கத்தக்க அதன் திரை உண்மையான சாதனையே. உருகுவே நாடு தன் அரச ஆரம்பப் பாடசாலை மாணவர் யாவருக்கும் அதனை வழங்கியது. பெரு நாடு பல இலட்சக்கணக்கில் வாங்கியது. ஆனால், பெருவின் கிராமப் பாடசாலைகளில் நடத்தப்பெற்று 2012 இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் மாணவரின் பெறுபேறுகள் உயர்ந்தமைக்குச் சான்று காணவில்லை. கருவியைக் கையளித்தல் வேறு, அதனைக் கொண்டு செய்யவேண்டிய வேலையை வரையறுத்தல் வேறு என்பது இங்கு மீண்டும் புலப்படுகின்றது.

அம்முயற்சி வணிக உலகுக்கு ஒரு செய்தியைச் சொல்லியது: மலிவான சிறுகணினியை ஆக்கமுடியும்; அதனை வேண்டுவோரும் உளர். 2007 இன் இறுதியில் தாய்வான் நாட்டின் ஏசுஸ் நிறுவனம் ஈ பீசீ 701 என்பதை விற்பனைக்குக் கொணர்ந்தது. 7 அங்குலத் திரை, 4 கிகாபைற் தேக்ககம், 1 கிலோகிராமிலுங் குறைந்த எடை, லினக்ஸ் பணிசெயல் முறைமை என்பன அதன் இயல்புகள். அமெரிக்காவில் அதன் விலை 399 டொலர். 2008 இல் இன்ரெல் நிறுவனம் குறைந்த மின்வலுவில் இயங்கும் அற்றொம் செயலியை வெளியிட்டது. ஏசர், டெல், எச்.பி. முதலிய நிறுவனங்களும் ஓராண்டுக்குள் இத்துறையில் இறங்கின. 'நெற்புக்' என்னும் பெயர் நிலைபெற்றது.

இக்கட்டத்திலேதான் எல்லை வகுத்தல் நிகழ்ந்தது. நெற்புக்குகள் லினக்ஸுடன் பரவுவதைக் கண்ட மைக்கிரோசொவ்ற் நிறுவனம், 2008 யூனில் நிறுத்தவிருந்த விண்டோஸ் எக்ஸ்பியின் ஆயுளை இச்சிறுகணினிகளுக்காக மட்டும் நீடித்தது. அவ்வுரிமத்தைக் குறைந்த விலையிற் பெறுவதற்குக் கணினியின் நினைவகம் 1 கிகாபைற்றைத் தாண்டலாகாது முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பெற்றன. 2009 இல் வந்த விண்டோஸ் 7 இன் தொடக்கப் பதிப்பிலே திரையின் பின்னணிப் படத்தைத்தானும் பயனர் மாற்றமுடியாது. கூடிய விலைக் கணினிகளின் விற்பனையை மலிவானவை விழுங்கிவிடலாகாது என்னும் அச்சமே இவற்றின் உள்ளுறை எனக் கொள்வதில் தவறில்லை. எனவே, நெற்புக் வலுக்குன்றியிருந்தமைக்குத் தொழினுட்பத்தின் வறுமை மட்டுங் காரணமன்று. சந்தையின் ஒழுங்கமைப்பும் காரணமாகும்.

வாங்கியோரின் அனுபவம் இருவகைப்பட்டது. பிரயாணத்திற் குறிப்பெடுக்கவும், மின்னஞ்சல் பார்க்கவும், கட்டுரை எழுதவும் வேண்டியோர் நிறைவடைந்தனர். தம் ஒரே கணினியாக அதனைக் கொண்டு, படத்தொகுப்பும் பெரிய அட்டவணைகளும் பல சாளரங்களும் வேண்டியோர் ஏமாற்றமடைந்தனர். ஒடுங்கிய விசைப்பலகையில் நெடுநேரந் தட்டெழுதுவோரின் விரல்களும், சிறுதிரையில் நெடுநேரம் வாசிப்போரின் கண்களும் களைத்தன. விலைப்பட்டியல் இக்களைப்பைக் கணக்கிற் கொள்வதில்லை.

2010 சனவரியில் அப்பிள் நிறுவனம் ஐபாட்டை 499 டொலருக்கு அறிவித்தபோது, நெற்புக் எதிலும் சிறந்ததன்று என ஸ்ரீவ் ஜொப்ஸ் பழித்துரைத்தார். பார்ப்பதற்கும் வாசிப்பதற்குமென வாங்கியோர் பலர் தட்டைக்கணினிக்கு மாறினர். 2012 இன் முடிவோடு ஏசுஸும் ஏசரும் நெற்புக் உற்பத்தியைக் கைவிட்டன. ஆயினும் கருத்து மடியவில்லை. 2011 யூனில் வெளிவந்த குரோம்புக், வேலைகளையெல்லாம் இணையத்தின்மீது சுமத்திச் சிறுசெயலியையே போதுமானதாக்கியது. இங்கே எல்லை இடம்பெயர்ந்ததேயன்றி நீங்கிவிடவில்லை. இணைப்பு நலிந்த ஊரில் இத்தகைய கணினியின் பயனும் நலியும். 2014 இல் ஏறத்தாழ 200 டொலருக்கு விற்கப்பெற்ற எச்.பி. ஸ்ரீமின் 32 கிகாபைற் தேக்ககத்திலே, பின்வந்த விண்டோஸ் 10 இன் பெரும் இற்றைப்படுத்தல்களுக்குப் போதிய இடமிருக்கவில்லை. வாங்கிய நாளிற் போதுமாயிருந்தது சில ஆண்டுகளிற் போதாதாயிற்று. அந்த விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவும் 2025 ஒற்றோபரில் முடிவுற்றது. பொறி பழுதுறாதிருக்கவும் அதன் ஆயுள் முடிந்துவிடும் விந்தை இக்காலத்துக்கே உரியது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தெரிவுக்கான அளவுகோல்கள் சில தாமாகவே வெளிப்படுகின்றன. முதலாவது, செய்யும் வேலையின் இயல்பு. எழுத்தும் வாசிப்புமே பெரும்பங்காயின் எளிய செயலி போதும். இரண்டாவது, உடலோடு ஒட்டிய பகுதிகளாகிய விசைப்பலகையும் திரையும்; இவற்றைப் பின்னர் மாற்றமுடியாது. மூன்றாவது, நினைவகமும் தேக்ககமும் கூட்டத்தக்கனவா என்பது. நான்காவது, இணையமின்றி எவ்வளவு வேலை நடைபெறும் என்பது. ஐந்தாவது, மென்பொருளாதரவு எந்த ஆண்டுவரை நிலைக்கும் என்பது. விலையை அவ்வாண்டுகளால் வகுத்துப் பார்ப்பின் மலிவெனத் தோன்றியது மலிவன்றாதலுங் கூடும்.

வசதிபடைத்தவனுக்குத் தவறான தெரிவு ஒரு சிறு நட்டம், மற்றொன்றை வாங்கிக்கொள்வான். குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் கொண்டு ஒரேயொரு கணினியை வாங்கும் மாணவனுக்கு அதுவே ஒரு பட்டப்படிப்புக் காலத்தின் சுமையாகும். எடைகுறைந்த கணினியின் உண்மையான எடை அவன்மீதே விழுகின்றது. ஆதலால் 'இது எவ்வளவு வலுவுடையது?' என்பதற்கு முன்னர், 'எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுக்கு, எவர் வகுத்த எல்லைக்குள்?' என வினவுதல் வேண்டும். எட்டு வரித் திரையோடு மனநிறைவுற்ற அந்நாள் நிருபர்கள் முதல் வினாவுக்கு விடை கண்டிருந்தனர். ஏனைய இரண்டும் இக்காலம் சேர்த்த வினாக்களாகும்.