கடல் இல்லாத வரைபடம், மேசை இல்லாத வீடு

ஜிக்சா புதிருக்கான விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். நடுவில் ஒரு மேசை. அதைச் சுற்றி அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். நான்கு பேரும் குனிந்திருக்கிறார்கள். நான்கு பேரும் சிரிக்கிறார்கள். சண்டை இல்லை, யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. குடும்பமாகச் சேர்ந்து மகிழலாம் என்பதுதான் அது சொல்லும் சேதி. இதில் ஆராய என்ன இருக்கு, வெட்டின படத்தைத் திரும்ப ஒட்ட வைக்கிறாங்க, அவ்வளவுதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எந்தப் படத்தை, யார் வெட்டினார்கள், யார் வீட்டு மேசையில் அதைப் பரப்பினார்கள் என்று கேட்கத் தொடங்கினால் இந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருநூற்றைம்பது வருஷத்துச் சரித்திரம் நிற்பது தெரிகிறது.

லண்டனில் ட்ரூரி லேனை ஒட்டிய ரஸ்ஸல் கோர்ட்டில் கடை வைத்திருந்தவர் ஜான் ஸ்பில்ஸ்பரி (1739–1769). வரைபடம் செதுக்குவது தொழில். மன்னரின் புவியியலாளர் என்று பட்டம் பெற்றிருந்த தாமஸ் ஜெஃப்ரிஸிடம் வேலை பழகியவர். 1760களின் தொடக்கத்தில் அவர் அச்சடித்த வரைபடத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடு எங்கே போகிறதோ அந்தக் கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டினார். உலகம், ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா, இங்கிலாந்தும் வேல்ஸும், அயர்லாந்து, ஸ்காட்லாந்து என எட்டு வரைபடங்கள். புவியியல் பாடத்தை எளிதாக்குவதற்காக என்று சொல்லித்தான் விற்றார். விளையாட்டின் வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டலாம் என்று ஜான் லாக் 1693இல் எழுதியது அதற்குள் கனவான் வீடுகளில் வேதவாக்காகியிருந்தது.

அவருடைய சரக்கில் ஒரு விசேஷம். அதே வரைபடம் கடலோடும் கிடைக்கும், கடல் இல்லாமலும் கிடைக்கும். கடல் இல்லாததற்கு விலை குறைவு. மரம் மிச்சம், அறுக்கிற வேலை மிச்சம். வியாபாரக் கணக்குதான், வேறொன்றுமில்லை. ஆனாலும் அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்த பிள்ளையை யோசித்துப் பாருங்கள். கடல் வழியாகப் போய்த்தான் அந்த நாடுகள் பிடிக்கப்பட்டன. அடிமைகள் கடல் வழியாகத்தான் கொண்டுபோகப்பட்டார்கள், சர்க்கரை கடல் வழியாகத்தான் வந்தது. பிள்ளையின் கையில் இருப்பதோ பளிச்சென்று வண்ணம் பூசிய நிலத்துண்டு மட்டும். அது எப்படி வந்தது என்கிற பாதை அறுத்து எறியப்பட்டுவிட்டது.

ஸ்பில்ஸ்பரியை 'கண்டுபிடித்தவர்' என்று எழுதும் வழக்கத்தையும் இங்கே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. லண்டனில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்காரி ழான்-மரி லெப்ரான்ஸ் த பொமோன், 'அழகியும் மிருகமும்' கதையின் பிரபலமான வடிவத்தை 1756இல் வெளியிட்டவர், அதே காலத்திலேயே, ஒருவேளை அவருக்கும் முன்பே, மரத்தால் ஆன வரைபடங்களை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார் என்று ஜில் ஷெஃப்ரின் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கடையும் பெயர்ப்பலகையும் வைத்திருந்த ஆண் சரித்திரத்தில் ஏறிவிட்டான். வகுப்பறையில் அதைப் புழங்கியவள் அடிக்குறிப்பில் நிற்கிறாள். ஸ்பில்ஸ்பரி முப்பது வயதுக்குள் செத்தபின் கொஞ்சகாலம் அந்தக் கடையை நடத்தியவரும் அவர் மனைவிதான். அவரை எத்தனை பேர் குறிப்பிடுகிறார்கள்?

அரண்மனைக்கும் இது போனது. மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளை வளர்க்க 1762இல் அமர்த்தப்பட்ட லேடி சார்லட் ஃபின்ச் இப்படி வெட்டிய வரைபடங்களை ஒரு மர அலமாரியின் இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருந்தார். அந்த அலமாரி இன்றும் காட்சிப் பொருளாக இருக்கிறது. பின்னாளில் நான்காம் ஜார்ஜாகவும் நான்காம் வில்லியமாகவும் முடிசூட்டிக்கொண்டவர்கள் அவர் கையில் வளர்ந்த பிள்ளைகள். சாம்ராஜ்யத்தை அவர்கள் முதலில் தொட்டது இழுப்பறையில். இழுத்தால் ஆசியா, அடுத்ததை இழுத்தால் ஆப்பிரிக்கா. ஃபின்ச் அந்த வேலையில் இருந்த காலத்திலேயே, 1783இல், அமெரிக்காவின் பதின்மூன்று காலனிகளும் கைவிட்டுப் போயின. மரத்துண்டு மட்டும் இழுப்பறையில் பத்திரமாகக் கிடந்திருக்கும்.

பெனடிக்ட் ஆண்டர்சன் தம் 'கற்பிதம் செய்யப்பட்ட சமூகங்கள்' நூலின் 1991ஆம் வருஷத்துப் பதிப்பில் மக்கள்தொகைக் கணக்கு, வரைபடம், அருங்காட்சியகம் மூன்றையும் பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்தார். காலனி வரைபடத்தில் ஒவ்வொரு நாடும் ஒரு வண்ணத்தில், தனியே கழற்றி எடுக்கக்கூடிய ஜிக்சா துண்டு மாதிரி ஆனது என்பது அங்கே அவர் வாதம். சுற்றியிருக்கும் ஆறு, மலை, அண்டைநாடு எதுவும் வேண்டாம், அந்த வெளிக்கோடு மட்டும் போதும், அது சின்னமாகிவிடும். ஆண்டர்சன் உவமையாகச் சொன்னதற்கு இரண்டு நூற்றாண்டுக்கும் முன்பே லண்டன் பிள்ளைகள் அதை உவமை இல்லாமல், விரல்களாலேயே கற்றிருந்தார்கள். எல்லை என்பது சண்டையாலும் ஒப்பந்தத்தாலும் போடப்படுவது, மாறுவது. ரம்பம் அதை மரத்தின் விளிம்பாக்கிவிடுகிறது, இயற்கையே அப்படிப் படைத்தது போல. ஸ்பில்ஸ்பரி அறுத்த ஐரோப்பாவில் போலந்து ஒரு பெரிய துண்டு. அவர் இறந்து மூன்றே வருஷத்தில், 1772இல், பக்கத்து அரசுகள் அதைப் பங்குபோட ஆரம்பித்து 1795இல் முழுசாக விழுங்கிவிட்டன. நமக்குப் போலந்து வரை போகவேண்டாம். 1947 ஜூலை 8ஆம் தேதி இந்தியாவுக்கு முதல்முறையாக வந்திறங்கிய சிரில் ராட்கிளிஃப் கோடு கிழிக்க எடுத்துக்கொண்டது ஐந்து வாரம். அந்தத் துண்டுகளைத் திரும்பப் பொருத்த எந்த மேசையும் போதவில்லை.

இந்த வரைபடத்தை இணைக்கத் தெரிவதும் தெரியாததும் அந்தஸ்தின் அடையாளமாகவும் இருந்தது. ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) நாவலில் பணக்காரப் பெரியம்மா வீட்டுக்கு வளர வந்த ஏழைப் பெண் ஃபேனிக்கு ஐரோப்பா வரைபடத்தைச் சேர்க்கத் தெரியவில்லை என்று அந்த வீட்டுப் பெண்கள் கேலி பேசுகிறார்கள். எட்வர்ட் செய்த் 1993இல் இந்த நாவலை எடுத்து, அந்த வீட்டின் செழிப்புக்குப் பின்னால் ஆன்டிகுவாவின் அடிமைத் தோட்டம் இருப்பதைச் சுட்டிக்காட்டியது நம் வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம். அவர் ஆன்டிகுவாவைப் பிடித்தார். நான் அந்த மரத்துண்டுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். குடும்பம் கூடி விளையாடிய இடத்திலேயே ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தும் வேலையும் நடந்திருக்கிறது. 'உனக்கு இதுகூடத் தெரியாதா?' என்கிற கேள்வி நமக்குப் புதுசா என்ன?

பத்தொன்பதாம் நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். ராஜாக்களின் வரிசை, பைபிள் காட்சிகள், பிறகு ரயில், கப்பல், நாய்க்குட்டி. பாடம் குறைந்து படம் கூடியது. ஜிக்சா என்கிற பெயரே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிலைத்தது. 1908 வாக்கில் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அப்போது ஐந்நூறு துண்டுப் புதிர் ஒன்றின் விலை சுமார் ஐந்து டாலர். சாதாரணத் தொழிலாளியின் மாதச் சம்பளம் ஐம்பது டாலர் அளவில். ஆக இதுவும் மேல்தட்டு மேசைதான். அடுத்த வருஷம் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி மற்ற விளையாட்டுகளை எல்லாம் நிறுத்திவிட்டு ஆலை முழுவதையும் புதிர் அறுக்கத் திருப்பியது. அறுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தையல் மிஷின் பழகிய கைக்கு ரம்பமும் வசப்படும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு துண்டைப் பறவையாக, இன்னொன்றை நட்சத்திரமாக அறுப்பது இந்தப் பெண்களின் கைவேலை. அந்தக் காலத்துப் பெட்டி மூடியில் படமும் கிடையாது. கடைசித் துண்டு விழும்வரை என்ன படம் என்றே தெரியாது.

அதன்பின் வந்தது பெருமந்தம். 1932 இலையுதிர் காலத்தில், அச்சுப்பல்லால் ஒரே அழுத்தில் வெட்டின அட்டைப் புதிர்கள் பத்திரிகைக் கடைகளில் வாராவாரம் வரத் தொடங்கின. விலை 25 சென்ட். 1933 தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடி விற்றன. மார்ச் 6ஆம் தேதி ரூஸ்வெல்ட் நாட்டிலுள்ள வங்கிகள் எல்லாவற்றையும் மூட உத்தரவிட்டார். உழைப்பாளிகளில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ஏறக்குறைய அதே வாரங்களில்தான் இந்த ஒரு கோடி. வேலை போன தச்சர்களும் மற்றக் கைவினைஞர்களும் வீட்டிலேயே ரம்பத்தைப் பூட்டிப் புதிர் அறுத்து விற்றார்கள். வாடகை நூலகங்களும் மருந்துக்கடைகளும் மூன்று ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கொடுத்தன.

இதைப் படிக்கும் தோழர்களுக்கு உடனே கை பரபரக்கும். மக்களைத் தெருவிலிருந்து மேசைக்கு இழுத்த அபின் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அடோர்னோ, ஹோர்க்ஹைமர் பெயரையும் பக்கத்தில் போட்டால் கட்டுரை ரெடி. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1932 மார்ச்சில் டியர்பார்னில் வேலையற்றோர் பட்டினி ஊர்வலம் போனார்கள், சுடப்பட்டுச் செத்தார்கள். அதே வருஷக் கோடையில் முன்னாள் சிப்பாய்கள் வாஷிங்டனில் முகாமிட்டார்கள், ராணுவத்தை விட்டு விரட்டப்பட்டார்கள். தெருவுக்கு வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த நாட்டில்தான் ஜனங்கள் ராத்திரி மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வேலையிழந்தவனுக்குப் பறிபோவது கூலி மட்டுமா? ஆரம்பித்ததை முடிக்கிற சந்தோஷமும் போகிறது. கையில் எடுத்த துண்டு அதன் இடத்தில் 'டக்'கென்று உட்காரும்போது அவன் விரலுக்குத் திரும்பக் கிடைத்தது அதுதான் என்பது என் எண்ணம். முதலாளி அதையும் 25 சென்ட்டுக்கு விற்றான் என்பதும் நிஜம். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குடும்பத்துக்குள்ளும் இதே கதைதான். தாயமோ ஆடுபுலியாட்டமோ ஆடினால் எதிராளி உண்டு, ஜெயிப்பு உண்டு. இங்கே அது இல்லை. அப்பாவுக்குத் தெரிந்த பதில் என்று ஒன்றும் கிடையாது. அவர் அரைமணி நேரமாகத் தேடும் துண்டை ஆறு வயசுப் பொண்ணு எடுத்து வைத்துவிட்டுப் போய்விடும். அந்தக் கணத்தில் தகப்பன் அதிகாரம் சற்றே வழுக்கி விழுகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதே சமயம் அந்த நேரத்தில் அடுப்படியில் யார் இருந்தார்கள் என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது.

மேசைக்கு வருவோம். ஆயிரம் துண்டுப் புதிருக்கு நாலைந்து நாள் யாரும் கை வைக்காத ஒரு பரப்பு வேண்டும். சாப்பிடவோ படிக்கவோ படுக்கவோ தேவைப்படாத ஒரு பரப்பு. அப்படி ஒரு பரப்பு இருக்கிற வீடுதான் இந்த விளம்பரத்தின் 'குடும்பம்'. 2020 மார்ச் கடைசியில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மோரிசன், தன் மனைவி பிள்ளைகளுக்கு ஜிக்சா வாங்கி வந்ததாகச் சொல்லி, வரப்போகும் மாதங்களில் அது அத்தியாவசியப் பொருளாகத்தான் இருக்கும் என்றார். பல நாடுகளில் கடைகளில் புதிர் தீர்ந்துபோனது. அதே வாரம், 24ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவிலிருந்து நம் நாடு பூட்டப்பட்டது. வீட்டுக்குள் இருங்கள் என்றார்கள். வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தார்கள்.

முன்னொரு காலத்தில் நாங்கள் சில நண்பர்கள் ஒரு சேரியில் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய பழைய சாமான்களோடு நூறு துண்டு ஜிக்சா ஒன்றும் வந்து சேர்ந்தது. மூடி இல்லை. மேசையும் இல்லை, சிமெண்டுத் தரைதான். அந்தக் கொட்டகையில் ராத்திரி நாலு பேர் படுக்கணும் என்பதால் தினமும் எட்டரை மணிக்குள் காலி பண்ணவேண்டும். சேர்த்தவரைக்கும் ஒரு அட்டையில் தள்ளிப் பரணில் ஏற்றிவைப்போம். மறுநாள் இறக்கினால் பாதி கலைந்திருக்கும். மூன்றாம் நாள் ஒரு பாட்டி, பேத்தியைக் கூப்பிட வந்தவர், நாங்கள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் முறத்தை எடுத்துவந்தார். துண்டுகளைக் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நீலத்தை ஒருபக்கம், பச்சையை ஒருபக்கம் பத்து நிமிஷத்தில் பிரித்துப்போட்டுவிட்டார். அன்றைக்கு முடிந்தது. இங்கிலாந்துக் கிராமம் ஒன்று, பூச்செடிகளுக்கு நடுவில் வைக்கோல் வேய்ந்த ஒரு குடிசை.

'அட, கூரை வீட்டையா இவ்ளோ அழகா போட்டிருக்காங்க?' என்றது ஒரு பிள்ளை. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் இரண்டு துண்டு குறைந்தது. எல்லோரும் சாக்கைப் புரட்டித் தேடினோம், கிடைக்கவில்லை. பேத்தி அந்த ஓட்டையில் விரலை விட்டுக் காட்டி, 'மழை பெஞ்சா ஒழுகும் ஆயா' என்றாள். பாட்டி முறத்தைத் தட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, 'ஓலை வச்சு அடைச்சுக்கலாம், நீ வா சாப்பிட' என்று கூட்டிப்போனார்.