அக்கரையில் அடங்கியவர்கள்

நம் குடும்பங்களில் வம்சாவளி சொல்லும் முதியவர்கள் ஒவ்வொரு பெயருடனும் ஓர் ஊரையும் சேர்த்தே சொல்வார்கள். இன்னார் நாகூரில் அடங்கினார், இன்னார் காயலில் அடங்கினார் என்று வரிசையாக வரும் அந்தச் சொல், ஏதோ ஒரு தலைமுறையில் தடைப்பட்டு நின்றுவிடும். "அவர் சபர் போனவர், திரும்பவில்லை" என்பதோடு பேச்சு முடியும். பினாங்கு, சிங்கப்பூர், இரங்கூன், கொழும்பு, சைகோன் எனக் கடல் கடந்த சபுராளிகளுள் அக்கரை மண்ணிலேயே கண்மூடியவர்கள் பலர். அவர்கள் எங்கே, எந்த நாளில் மறைந்தார்கள் என்று தேடுவது பயனற்ற வேலை என்று எண்ணுவோர் உண்டு. அது பயனற்ற வேலை அன்று. நம் மார்க்கமே மரண நாளின்மீது எத்தனையோ கடமைகளைக் கட்டி வைத்திருக்கிறது.

வாரிசுரிமையை எடுத்துக்கொள்வோம். தந்தை ஊரில் இருக்கிறார். மகன் பினாங்கில் இருக்கிறார். மகனின் பிள்ளைகள் ஊரில் வளர்கிறார்கள். தந்தை இறந்தபோது மகன் உயிரோடிருந்தால் அவருக்குப் பங்கு உண்டு. பிறகு அவர் இறக்கும்போது அந்தப் பங்கு அவர் பிள்ளைகளைச் சேரும். தந்தைக்கு முன்பே மகன் இறந்திருந்தாலோ, வேறு ஆண் மக்கள் உயிரோடிருக்கும் நிலையில் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கில்லை. பாட்டனார் வஸிய்யத்துச் செய்திருந்தால்தான் உண்டு. ஒரே வாரத்தில் இருவரும் மறைந்திருந்தால், அந்த வாரத்தின் நாள்கள்தாம் அநாதைகளின் வீட்டையும் தோப்பையும் தீர்மானிக்கின்றன. யார் முந்தி என்று அறியவே முடியாதபோது ஒருவர் சொத்துக்கு மற்றவர் வாரிசாவதில்லை என்பது ஃபிக்ஹின் தீர்ப்பு.

மனைவியின் நிலையோ இன்னும் நுட்பமானது. நான்கு மாதம் பத்து நாள் என்னும் இத்தா, செய்தி கிடைத்த நாளிலிருந்தன்று, கணவர் இறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. செய்தியே வராதிருந்தால்? காணாமற்போனவரை 'மஃப்கூத்' என்பர். ஹனபி மத்ஹபின் பழைய தீர்ப்பு, கணவரின் வயதொத்தவர்கள் மறையும் காலம் வரை மனைவியைக் காத்திருக்கச் சொன்னது. மாலிகி மத்ஹபின் நான்காண்டுத் தவணையைத் தழுவி 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண விலக்குச் சட்டம் வந்த பிறகே இந்தியப் பெண்களுக்கு வழி பிறந்தது. அதற்கு முன், மனைவியா விதவையா என்று தெரியாமலே எத்தனை பெண்கள் முதுமையெய்தினர்!

அரசின் சட்டம் இவ்விடத்தில் ஓரளவே துணை நிற்கும். செய்தி அறிந்திருக்க வேண்டியவர்கள் ஏழாண்டுகள் ஒன்றும் கேளாதிருந்தால், அவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் சட்டம் இறப்பை ஊகிக்குமேயன்றி இறந்த நாளை ஊகிக்காது. நாள் வேண்டுமென்றால் சான்று தேடியாக வேண்டும்.

தேடலுக்கு முதற்படி வீட்டிலேயே இருக்கிறது. பல குடும்பங்களில் ஆண்டுதோறும் முன்னோர் பெயரால் ஃபாத்திஹா ஓதும் நாள் வழிவழியாக வந்திருக்கும். ஹிஜ்ரி மாதமும் பிறையும் அதில் நிற்கும். ஆண்டு மட்டும் தொலைந்திருக்கும். பழைய கடிதத்திலோ கணக்கேட்டிலோ தமிழ் வருடப் பெயர் கிடைத்தால் இரண்டையும் இணைத்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, விரோதி வருடம் ரஜபு 27 என்றிருந்தால் அது 1890 மார்ச்சாக இருக்கலாம். இல்லையேல் 1949 மேயாக இருக்கலாம். தமிழ் வருடம் அறுபதாண்டுக்கு ஒருமுறை சுழல்வதால் வேறொன்றாவது அரிது. அவர் பேரனின் வயதை நினைத்தாலே இரண்டில் எது என்று விளங்கிவிடும். பிறைக்கணக்கில் நாள் மாலையில் தொடங்குகிறது என்பதையும், ஹிஜ்ரிக் கணக்கில் அறுபத்தாறு வயது என்பது கதிரவன் கணக்கில் ஏறத்தாழ அறுபத்துநான்கே என்பதையும் மறக்கலாகாது. கடிதங்கள் அரபுத்தமிழில் இருந்தால், படிக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே படித்து எழுதி வைத்துவிட வேண்டும்.

இரண்டாம் படி பெயர். ஊரில் காவன்னா, மூனா என்று விலாச எழுத்துகளால் அறியப்பட்டவர், அக்கரை எழுத்தர் கையில் வேறொருவராகிவிடுவார். மரைக்காயர் என்ற சொல்லே பினாங்கில் மெரிக்கான் என்றும் இலங்கையில் மரிக்கார் என்றும் உருமாறியது. இராவுத்தர் ரௌத்தர் ஆனார். சாகிபு சாயபு ஆனார். ஆகவே ஒரு பெயரைத் தேடுவோர் அதன் எல்லா வடிவங்களையும், தந்தை பெயரோடு சேர்த்துத் தேட வேண்டும்.

மூன்றாவது, அவர் எவ்வாறு சென்றார் என்பது. 1860 முதல் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றவர்களுக்குக் கப்பற் பட்டியலில் எண்ணும் ஊரும் உண்டு. தம் செலவில் கப்பலேறிய வணிகர்க்கு அத்தகைய பதிவு இல்லை. அவர்களைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: இறப்புப் பதிவேடு, இறந்தவர் சொத்துக்கு நிர்வாகி கேட்டு நீதிமன்றத்தில் கொடுத்த மனு, பள்ளிவாசல் வக்ஃபுப் பத்திரம், செய்தித்தாள். பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளியும், சிங்கப்பூரின் சூலியா பள்ளியும், இரு நகரங்களிலும் உள்ள நாகூர் தர்காக்களும் நம் முன்னோர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுப்பியவை. சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய 'சிங்கைநேசன்' வார ஏடு அக்காலத் தமிழர் வாழ்வை அறிய உதவும். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்கள் பலவற்றை மின்வடிவில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருப்பதால், கப்பலேறாமலே தேடத் தொடங்கலாம்.

இங்கே மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சபுராளிகள் பலர் அக்கரையிலும் மணம் முடித்தனர். அவர்கள் வழிவந்தோரே ஜாவி பெரானாக்கான் எனப்பட்டனர். இறந்த நாளும் கபுறும் அந்தக் குடும்பத்தாருக்கே தெரிந்திருக்கும். அவர்களை அறியாதவர்போல் இருந்துவிட்டு முன்னோரை மட்டும் தேடுவது நேர்மையாகுமா? மார்க்கத்தின் பார்வையில் அந்த மனைவியும் மக்களும் வாரிசுகளே.

புகழ்பெற்றவர் மரணமும் எளிதில் தெளிவாவதில்லை. மலாய் இலக்கியத்தின் முன்னோடியான முன்ஷி அப்துல்லாஹ்வின் பூட்டனார் யமனிலிருந்து நாகூருக்கு வந்து மணந்து வாழ்ந்தவர். அவர் மக்கள் கிழக்கே கடல் கடந்தனர். மலாக்காவில் பிறந்த அப்துல்லாஹ் 1854இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அப்பயணத்திலேயே மறைந்தார். வாழ்க்கை முழுவதையும் எழுதி வைத்த அவரது இறுதி மாதம் எது என்பதில் ஆய்வாளர்கள் வேறுபட்டனர்.

கபுறைத் தேடிச் செல்வோர் ஏமாற்றத்திற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். பேரரசர் பகதூர்ஷா ஜபர் 1862 நவம்பர் 7ஆம் நாள் இரங்கூனில் மறைந்தார் என்று சிறை அதிகாரி எழுதி வைத்தார். கபுறையோ அடையாளமின்றி மண்ணால் மூடினர். 1991இல் நிலத்தைத் தோண்டியபோதுதான் அது வெளிப்பட்டது. சிங்கப்பூரில் பிடாடாரி அடக்கத்தலத்தின் கபுறுகள் 2001க்கும் 2006க்கும் இடையே அகற்றப்பட்டன. மண் இடம் மாறும், ஏடு நிற்கும்.

ஏடும் இல்லாத மரணங்கள் உண்டு. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரங்கூன் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1941 டிசம்பரில் அந்நகரின்மீது குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கானோர் அரக்கான் வழியாகவும், மணிப்பூர், அஸ்ஸாம் மலைகள் வழியாகவும் நடந்தனர். பசியாலும் காலராவாலும் வழியில் விழுந்தவர்களை யாரும் பதிவு செய்யவில்லை. அவர்களுக்குக் கடைசிக் கடிதம், கடைசி மணியார்டர் ரசீது, உடன் நடந்தவர் சொன்ன சொல் ஆகியவையே சான்று. அச்சொல்லை, சொன்னவர் பெயரும் கேட்ட நாளும் குறித்து இன்றே எழுதி வைக்க வேண்டும்.

தேடிக் கண்டடைந்தபின் செய்வது என்ன? இறந்தவர் பட்ட கடன் தெரியவந்தால் அடைக்க வேண்டும். பங்கு பெறாதவர் இருந்தால் அவர்க்கு உரியதைக் கொடுக்க வேண்டும். தொலைவில் மறைந்த நஜ்ஜாஷி மன்னருக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். அதை ஆதாரமாகக் கொண்டு ஷாபியீ மத்ஹபு மறைவான ஜனாஸாவுக்குத் தொழ இடந்தருகிறது. ஹனபி மத்ஹபு அதை ஏற்பதில்லை. துஆ செய்வதிலோ இரு சாராருக்கும் வேறுபாடில்லை. நமக்காகக் கடல் கடந்து, நாம் உண்ட சோற்றுக்குத் தம் ஆயுளைக் கொடுத்தவர்கள் அவர்கள். வம்சாவளியில் "திரும்பவில்லை" என்றிருக்கும் இடத்தில் ஓர் ஊரையும் ஒரு நாளையும் எழுதுவது, அவர்களுக்கு நாம் இன்னும் செலுத்தாதிருக்கும் கடன்.