மழை டயர் கிழிந்த நாள்: புர்னோ 2016

மழையில நடக்குற ரேஸ்னாலே யார் ரொம்ப தைரியமா ஓட்டினாங்கன்னுதான் நாம பேசுவோம். இன்னைக்கு நான் சொல்லப்போற ரேஸை முடிவு பண்ணது டயர். 2016 ஆகஸ்ட் 21, செக் குடியரசின் புர்னோ, மோட்டோஜிபி.

ரேஸ் தொடங்கும்போது மழை விட்டிருந்தது. டிராக் மட்டும் ஈரம். மழை டயரில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் பள்ளங்கள் இருக்கும், ரப்பரும் ரொம்ப மென்மை. அதைக் குளிர்விக்கிறதும் அதே தண்ணீர்தான். தண்ணீர் குறைந்தால் டயர் சூடேறி ரப்பர் பிய்ந்துவிடும். (காயுற டிராக்ல ரைடர்கள் வேணும்னே ஈரமான இடமா தேடி ஓட்டுறது இதனாலதான்.)

மிஷ்லின் கொடுத்த மழை டயரில் சாஃப்ட், ஹார்ட் என்று இரண்டு வகை. பெரும்பாலானோர் பின்சக்கரத்துக்கு சாஃப்ட் போட்டார்கள். டிராக் காய்ந்ததும் பிட்டுக்கு வந்து, ஸ்லிக் டயர் மாட்டிய இன்னொரு பைக்கில் ஏறிவிடலாம் என்பது கணக்கு. ரேஸ் நடுவே இப்படி பைக் மாற்றுவது 2006 பிலிப் ஐலண்டிலேயே தொடங்கிவிட்டது.

பிரிட்டனின் கால் கிரட்ச்லோ முன்னும் பின்னும் ஹார்ட் போட்டார். ஆரம்பத்தில் பின்னாடி போயிட்டார். ஹார்ட் ரப்பர் சூடேற நேரம் எடுக்கும். அதுக்குள்ள அவசரப்பட்டு சாய்ச்சா கீழதான். வளைவில் குறைவாகச் சாய்த்து, பைக்கை நிமிர்த்திய பிறகே த்ரோட்டிலைத் திறக்க வேண்டும். எல்லாரும் தாண்டிப் போகும்போது அப்படிக் காத்திருப்பதுதான் கஷ்டம்.

டிராக் ஸ்லிக் போடும் அளவுக்குக் காயவில்லை. சாஃப்ட் டயர் பிழைக்கும் அளவுக்கு ஈரமும் மிஞ்சவில்லை. இயனோனியின் முன் டயர் துண்டு துண்டாகப் பிய்ந்தது டிவியிலேயே தெரிந்தது. கிரட்ச்லோ ஒவ்வொருவராகத் தாண்டி, ரோஸியை 7 வினாடிக்கு மேல் முந்தி ஜெயித்தார். ரோஸியின் பின்சக்கரத்திலும் ஹார்ட்தான்! இரண்டு பக்கமும் ஹார்ட் போட்ட லோரிஸ் பாஸ் நான்காவது.

இதற்கு முன் முதன்மைப் பிரிவில் ஜெயித்த கடைசி பிரிட்டன்காரர் பாரி ஷீன், 1981 ஸ்வீடனில். கிரட்ச்லோ பிறந்ததே 1985-ல்.

இது வெறும் அதிர்ஷ்டம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அதுல உடன்பாடில்லை. அதே வானம், அதே இரண்டு டயர் எல்லாருக்கும் இருந்தது. அக்டோபரில், காய்ந்த பிலிப் ஐலண்டிலும் அவர் ஜெயித்தார். அங்கே முன்னால் போன மார்க்கேஸ் விழுந்துட்டார், அதையும் சொல்லிடணும்ல!