கொடையாளியின் பெயர்: உட்பொதி கணினிகளுக்கான திறமூலக் கருவிகளின் வரலாற்றில் ஒரு பத்தி

சற்றே நீண்ட பதிவு இது. ஆய்வேட்டின் ஓர் இயலுக்காகச் சேர்த்த குறிப்புகளிலிருந்து எழுதுகிறேன்.

ஜிஎன்யு கருவிகளுள் பிஎஃப்டி என்றொரு நூலகம் உண்டு. வெவ்வேறு வடிவங்களில் அமைந்த எந்திரமொழிக் கோப்புகளை ஒரே முறையில் படிக்கவும் எழுதவும் உதவுவது அதன் பணி. அதன் கையேட்டில் ‘வரலாறு’ என்ற தலைப்பில் ஒரு சிறு பத்தி இருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் ஓரிகன் கிளையில் ஐ960 சில்லுக்காகப் பணியாற்றிய குழுவுக்குத் தம்மிடமிருந்த இரண்டு கோப்பு வடிவங்களும் ஒன்றோடொன்று இயைய வேண்டியிருந்தது. அத்தேவைதான் இந்நூலகம் பிறக்க ஒரு தூண்டுதல். சிக்னஸ் என்ற நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் அதைச் செய்து கொடுத்தது. இவ்வளவுதான் செய்தி. மெய்க்கீர்த்தியைக் கடந்து கல்வெட்டின் நடுப்பகுதிக்கு வந்தால் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவன் பெயரும் ஆட்டின் எண்ணிக்கையும் கிடைக்கும் அல்லவா, அப்படிப்பட்ட பத்தி இது. கட்டற்ற மென்பொருளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

மெய்க்கீர்த்தி நாம் அறிந்ததே. 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிசிசி என்ற சி மொழிப் பெயர்ப்பியை வெளியிட்டார். (தமிழில் இதற்குத் ‘தொகுப்பி’ என்றும் ‘நிரல்பெயர்ப்பி’ என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன. முன்னது ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள். பின்னது கருவி செய்யும் வேலையின் பெயர். மொழியியல் படித்தவள் என்பதால் பின்னதன் பக்கம் நிற்கிறேன்.) பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனைவர்க்கும் உரிமை உண்டு, மாற்றியதைப் பிறர்க்கு வழங்குவோர் மூலநிரலையும் வழங்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. நெக்ஸ்ட் நிறுவனம் தன் அப்ஜெக்டிவ்-சி பகுதியை மூலநிரலின்றி வழங்க முயன்றபோது ஸ்டால்மன் உடன்படவில்லை. இறுதியில் அது மூலநிரலோடு வெளிவந்தது. உரிமத்தின் வலிமைக்குச் சான்றாக இந்நிகழ்ச்சி எல்லா நூல்களிலும் வந்துவிடுகிறது. அது உண்மையே. ஆனால் ஒரு நிறுவனம் தயக்கத்தோடு கொடுத்ததை விளக்க உரிமம் போதும்; பல நிறுவனங்கள் வலிய வந்து பணம் கொடுத்ததை விளக்க அது போதாது.

அதை விளக்க ஜிசிசியின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூலமொழிகள் பல, எந்திரமொழிகள் பல என்ற நிலையில் ஒவ்வோர் இணைக்கும் ஒரு பெயர்ப்பி எழுதுவது இயலாத காரியம். எனவே நிரல் முதலில் ஓர் இடைமொழிக்கு மாற்றப்படுகிறது. பிறகு அந்த இடைமொழி எந்திரமொழியாகிறது. ஆர்டிஎல் எனப்படும் இந்த இடைமொழியின் கருத்தை ஸ்டால்மன், அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் டேவிட்சன், ஃபிரேசர் ஆகியோரின் ஆய்விலிருந்து எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சில்லுக்கும் ‘எந்திர விவரணை’ என்றொரு கோப்பு தனியே இருக்கும். எந்தக் கட்டளை எந்த வடிவில் அமையும், எந்தச் சூழலில் எது செல்லும் என்பதைச் சொல்லும் கோப்பு அது. நான் முதன்முதலாக அதைத் திறந்து பார்த்தபோது வியப்பு அடங்கவில்லை: அது ஓர் இலக்கண நூல். புதிய சில்லொன்று வந்தால் பெயர்ப்பி முழுவதையும் எழுத வேண்டியதில்லை. அச்சில்லின் இலக்கணத்தை எழுதினால் போதும்.

சில்லு செய்வோருக்கு இதன் பொருள் என்ன? மேசைக் கணினியின் உலகில் சில வகைச் சில்லுகளே ஆட்சி செய்தன. உட்பொதி கணினிகளின் உலகம் அப்படியன்று. அச்சுப்பொறி, வலையமைப்புக் கருவி, வாகனம், விளையாட்டுப் பெட்டி என ஒவ்வொன்றிலும் வேறு வேறு சில்லு. பெயர்ப்பி இல்லாத சில்லை எவரும் வாங்கமாட்டார்கள். விற்காத சில்லுக்குப் பெயர்ப்பி எழுத எந்த மென்பொருள் வணிகரும் முன்வரமாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்கும் கத்தியாக ஜிசிசி வந்தது.

அதைக் கண்டுகொண்டவர்கள் மூவர்: மைக்கேல் டீமன், டேவிட் ஹென்கல்-வாலஸ், ஜான் கில்மோர். ஜிசிசி வெளியான ஆண்டிலேயே டீமன் அதை நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் 32032 சில்லுக்குப் பெயர்த்தமைத்து, அந்நிறுவனத்தின் சொந்தப் பெயர்ப்பியைவிட அது வேகமான நிரலைத் தருவதைக் கண்டவர். ஜி++ என்ற சி++ பெயர்ப்பியை எழுதியவரும் அவரே. மூவருமாக 1989-இல் 6,000 டாலர் முதலீட்டில் சிக்னஸ் சப்போர்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘ஜிஎன்யு’ என்ற மூன்றெழுத்தும் அடங்கிய சொல் என்பதற்காகவே ‘சிக்னஸ்’ என்ற பெயரைத் தேர்ந்தார்களாம். எல்லாக் கட்டற்ற மென்பொருளுக்கும் உதவி வழங்குவது என்ற தொடக்க எண்ணம் மிக அகலமானது என்பதை உணர்ந்து, பெயர்ப்பி, பிழைதிருத்தி, அவற்றைச் சார்ந்த கருவிகள் என்று பின்னர்ச் சுருக்கிக்கொண்டனர். வாடிக்கையாளர்கள் சில்லு செய்வோரும் அச்சில்லுகளைக் கொண்டு பொருள் செய்வோரும். ஒருவர் கொடுத்த பணத்தில் செய்த திருத்தம் பொது மூலநிரலில் சேர்ந்து, அவருடைய போட்டியாளருக்கும் பயன்பட்டது. இதை அறிந்தேதான் அவர்கள் பணம் கொடுத்தார்கள். தனித்தனியே செய்தால் ஆகும் செலவைவிட இது குறைவு என்பதே கணக்கு. அறத்தைப் பற்றிய பேச்சு இல்லை.

பிஎஃப்டி என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. அதே கையேடு சொல்வதுதான். இப்படியொரு நூலகம் செய்வது கடினம் என்றார் ஸ்டால்மன். ‘இதென்ன பெரிய விஷயம்’ என்ற பொருளில், அச்சில் விரித்தெழுதத் தகாத ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளை மட்டும் விடையாகச் சொன்னார் ஹென்கல்-வாலஸ். ஸ்டால்மன் சொன்னதே சரியாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் அந்த எழுத்துகளுக்கு மரியாதையான விரிவொன்று கண்டுபிடிக்கப்பட்டது. சொற்பிறப்பியல் பயிலும் மாணவர்கள் குறித்துக்கொள்ளத்தக்க சான்று.

இதே நிறுவனத்திலிருந்துதான் நியூலிப் என்ற நூலகமும் வந்தது. ஜிஎன்யுவின் சி நூலகம் சிறு நினைவகம் கொண்ட கருவிகளுக்குப் பெரிது. அதன் உரிமமும் நிரலோடு பிரிக்க முடியாதபடி பிணைக்கப்படும் சூழலில் வணிகர்களுக்குத் தயக்கம் தந்தது. எனவே தளர்வான உரிமங்கள் கொண்ட துண்டுகளைச் சேர்த்து வேறொரு நூலகம் அமைத்தார்கள். பெயர்ப்பிக்குக் கடுமையான உரிமம், கருவிக்குள் செல்லும் நூலகத்துக்குத் தளர்ந்த உரிமம் என்ற இந்தப் பிரிவினை எந்தக் கொள்கை அறிக்கையிலும் எழுதப்பட்டதன்று; வழக்கில் உருவானது. உட்பொதி உலகில் கூட்டுமுயற்சி வேரூன்ற இது பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

1997-இல் ஒரு பிளவு வந்தது. ஜிசிசியின் வளர்ச்சி ஒருசிலர் கைகளில் மூடியிருந்தது; நிறுவனங்களும் தன்னார்வலர்களும் அனுப்பிய திருத்தங்கள் சேர்க்கப்படாமல் தேங்கிக் கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் சிக்னஸ் பொறியாளர்களும் பிறரும் சேர்ந்து ஈஜிசிஎஸ் என்ற தனிக்கிளையைத் தொடங்கினர். கிளைமொழிகள் பிரிந்தால் பெரும்பாலும் விலகியே போகும். இங்கே நேர்ந்தது வேறு: 1999 ஏப்ரலில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அக்கிளையையே அதிகாரபூர்வ ஜிசிசியாக ஏற்றுக்கொண்டது. நிறுவனங்களுக்குரிய இடமாக அன்றித் தனிமனிதர்களைக் கொண்டதாக ஒரு வழிநடத்தும் குழு அமைந்தது. வட்டார வழக்கொன்று பொதுமொழியாக முடிசூடியது போன்ற நிகழ்ச்சி. பிரிந்து செல்லும் உரிமையை உரிமமே கொடுத்திருந்ததால்தான் ஒன்றுசேரவும் முடிந்தது. அதே ஆண்டின் இறுதியில் ரெட் ஹேட் நிறுவனம் சிக்னஸை வாங்கப்போவதாக அறிவித்தது.

அடுத்த பத்தாண்டுகளை விரைவாகக் கடக்கிறேன். கூட்டுமுயற்சி ஒப்பந்தத்திலிருந்து அமைப்பு என்ற வடிவத்துக்கு மாறியது. 2010-இல் ஏஆர்எம், ஃப்ரீஸ்கேல், ஐபிஎம், சாம்சங், எஸ்டி-எரிக்சன், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து லினாரோவைத் தோற்றுவித்தன. தம்முள் போட்டியிடுவோரே பெயர்ப்பிக்கும் லினக்ஸ் கருவுக்கும் பொதுவான பொறியாளர்களை அமர்த்தினார்கள். அதே ஆண்டில் யோக்டோ திட்டமும் அறிவிக்கப்பட்டது.

ஆனால் அதே காலத்தில் மற்றொரு மரமும் வளர்ந்தது. பம்பாய் ஐஐடியில் பட்டம் பெற்ற விக்ரம் ஆத்வேயும் அவருடைய மாணவர் கிறிஸ் லாட்னரும் 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்எல்விஎம். 2005-இல் லாட்னர் அதை ஜிசிசியோடு இணைக்க முன்வந்து எழுதிய மடல் ஸ்டால்மன் கண்ணில் படவேயில்லை. பத்தாண்டு கழித்து அவரே அதை ஒப்புக்கொண்டார். எல்எல்விஎம்மின் உரிமம் தளர்வானது. மாற்றியதை மூடிவைக்கவும் இடம் தருவது. ஏஆர்எம் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறை வணிகப் பெயர்ப்பி அதன்மேல் எழுந்ததே. பொதுக்கிணற்றில் இறைத்துத் தனிக்குடத்தில் விற்பது என்று இதைச் சாடுவோர் உண்டு. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அதே நிறுவனத்தின் பொறியாளர்கள் ஜிசிசிக்கும் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். எனினும், கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலையிலிருந்து கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை. அடுத்த தலைமுறை வரலாற்றாளர்கள் இதன் விலையைக் கணக்கிடுவார்கள்.

நம் நாட்டில் இக்கணக்கு வெறும் ஏட்டுச்சுரைக்காய் அன்று. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் 2018-இல் சில்லாக வடிவெடுத்தன. அவை பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதிக்கான ஆதரவு அதற்கு முந்தைய ஆண்டே ஜிசிசியின் ஏழாம் பதிப்பில் சேர்ந்திருந்தது. செயலியை வடித்தவர்கள் பெயர்ப்பியையும் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியிருந்தால் அம்முயற்சி எத்தனை ஆண்டு பின்தங்கியிருக்கும்! ஆனால் நம் பொறியியல் கல்லூரிகளில் எந்திர விவரணைக் கோப்பைத் திறந்து பார்த்த மாணவர் எத்தனை பேர்? பம்பாய் ஐஐடியில் பேராசிரியர் உதய் கேட்கர் ஜிசிசிக்கெனவே ஒரு வள மையம் அமைத்துப் பயிலரங்குகள் நடத்தியிருக்கிறார். அத்தகைய முயற்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பயன்படுத்துவோராக மட்டும் இருந்தால் எந்தச் சில்லின் இலக்கணம் நீடிக்கும், எது கைவிடப்படும் என்று முடிவு செய்யும் அவையில் நமக்கு இடமிராது.

கைவிடப்படுதல் என்பது உண்மையாகவே நடப்பது. ஐ960 சில்லுக்கான ஆதரவு முதலில் ஜிசிசியிலிருந்தும், பிறகு 2018-இல் பைனரி கருவிகளிலிருந்தும் நீக்கப்பட்டது. பிஎஃப்டி இன்றும் இருக்கிறது. கையேட்டில் அந்தப் பத்தியும் இருக்கிறது. ஐ960 காலத்து ஜிஎன்யு கருவிகளின் அச்சுக் கையேடு எவருடைய துறை நூலகத்திலேனும் கிடக்குமானால் தெரிவியுங்கள். நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.