ஒன்பது வயதுச் சிறுவனும் மூன்று இசைப்பள்ளிகளும்

1854 அக்டோபரில் பிரான்சின் தென்கோடியிலுள்ள ஃபுவா நகரிலிருந்து ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் தலைவர் தம் ஒன்பது வயது மகனை அழைத்துக்கொண்டு பாரிசுக்குப் புறப்பட்டார். பள்ளியை ஒட்டியிருந்த சிறு ஆலயத்தின் ஹார்மோனியத்தை வாசித்தபடியே பொழுதைக் கழித்த பிள்ளை அவன். வழக்கமாக அங்கே வந்து கேட்கும் கண்பார்வையற்ற மூதாட்டி ஒருவர்தாம் அவனிடம் இருப்பதைத் தகப்பனாருக்கு முதலில் உணர்த்தினார். பின்னர், பாரிசில் நீடர்மேயர் என்பவர் தேவாலய இசைக்கெனத் தொடங்கும் பள்ளிக்கு அனுப்பலாமே என்று ஓர் அரசு அலுவலர் யோசனை கூறினார். தகப்பனார் உடனே ஒப்பவில்லை. ஓராண்டுக்காலம் யோசித்தார். அந்தச் சிறுவன்தான் கேப்ரியல் ஃபோரே.

அந்த ஓராண்டுத் தயக்கம் நமக்கு முக்கியமாகப் படுகிறது. ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டின் கடைக்குட்டிக்கு இசை சோறு போடுமா என்பதே கேள்வி. பெயரும் புகழும் வேண்டுமெனில் 1795இல் தோன்றிய பாரிஸ் கன்சர்வேட்டரி இருந்தது. ஆனால் அது பெரிதும் ஆபரா மேடையை நோக்கியே மாணவரை வளர்த்தது. ஆர்கன் வகுப்பு உண்டு. வழிபாட்டிசைக்கு அங்கே தனி மதிப்பு இல்லை. அதற்கு முன்பு கதீட்ரல்களை ஒட்டி இயங்கிவந்த பாடகர் பள்ளிகளைப் புரட்சி மூடிவிட்டது. அவ்விடத்தை நிரப்ப 1817இல் ஷொரோன் ஒரு பள்ளி தொடங்கினார். 1830 புரட்சிக்குப்பின் மானியம் குறைந்து, அவர் மறைவோடு அதுவும் நொடித்தது. நீடர்மேயர் 1853இல் மீட்டெடுத்தது அந்த முயற்சியைத்தான். இங்கே படித்தவன் ஆர்கன் வாசிப்பவனாகவோ பாடற்குழுத் தலைவனாகவோ வெளிவருவான். ஏதேனும் ஓர் ஆலயத்தில் சம்பளம் கிடைக்கும். உள்ளூர் ஆயரும் செலவுக்கு உதவ முன்வந்தார். தகப்பனார் கணக்குப் போட்டது சரியே.

பள்ளி வாழ்க்கை இனிமையானதன்று. பதினைந்து பியானோக்கள் ஒரே அறையில், பதினைந்து மாணவர்கள் ஒரே நேரத்தில், ஒவ்வொருவரும் வெவ்வேறு பாடம். இதையே செவிப்பயிற்சி என்றும் கொள்ளலாம்! கிரிகோரியன் கீதம், பாலஸ்த்ரீனா காலத்துப் பல்குரலிசை, பாஹ் ஆகியவையே அன்றாட உணவு. பழங்கீதங்களுக்கு ஆர்கன் துணையாக வாசிக்கையில் அந்தந்தப் பழைய மோடுக்குரிய சுரங்களை மட்டுமே தொடவேண்டும் என்பது நீடர்மேயரின் கொள்கை. 1857இல் டார்ட்டிக் என்பவரோடு சேர்ந்து அதற்கொரு இலக்கண நூலே எழுதினார். ராகத்துக்கு அந்நியமான சுரத்தைச் சேர்த்தால் நம் செவி முகஞ்சுளிப்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஃபோரேயின் இசையில் மேஜரென்றும் மைனரென்றும் அறுதியிட முடியாத அந்த மிதப்பு இங்கிருந்தே வந்தது என்பது நம் துணிபு. 1861இல் நீடர்மேயர் மறைந்தார். அதே ஆண்டு ஆசிரியராக வந்த இளைஞர் சான்-சான்ஸ், பாடத்திட்டத்தில் இல்லாத ஷூமனையும் லிஸ்ட்டையும் வாக்னரையும் வாசித்துக் காட்டினார். பள்ளி கொடுத்ததில் பாதி, பள்ளி கொடுக்க எண்ணாதது.

பதினொரு ஆண்டுகள் கழித்து 1865இல் வெளிவந்த ஃபோரே, 1866இல் ரென் நகர ஆலயத்தில் அமர்ந்தார். வேலை கிடைத்தது, மனம் ஒட்டவில்லை. 1870இல், இரவு முழுதும் நடன விருந்தில் இருந்துவிட்டு விருந்துடையோடே காலைத் திருப்பலிக்கு வாசிக்க வந்ததால் விலக நேர்ந்தது.

மூன்றாவது பள்ளி பிற்காலத்தது. சார்ல் போர்ட், கில்மான், வின்சென்ட் டேண்டி மூவரும் 1894இல் நிறுவிய ஸ்கோலா காந்தோரும், 1896இல் வகுப்புகளைத் தொடங்கியது. கிரிகோரியன் கீதமும் பழம் பல்குரலிசையுமே இதன் அடித்தளமும். ஆனால் நீடர்மேயரிடம் தொழிற்கல்வியாக இருந்தது டேண்டியிடம் மதப்போராக மாறிவிட்டது. டிரைஃபஸ் வழக்கில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் அவருடைய யூத வெறுப்பையும் மறைத்துவிட்டு அவர் பள்ளியைப் புகழ நமக்கு மனமில்லை. எனினும் கற்பித்தல் உறுதியானது. 1903 நவம்பரில் போப் பத்தாம் பத்திநாதர் கிரிகோரியன் கீதத்தையே ஆலய இசையின் உரைகல்லாக அறிவித்தபோது, பள்ளியின் கட்சி வென்றதாகவே தோன்றியது.

1905 வந்தது. டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தது. ஆலயங்களுக்குப் போய்க்கொண்டிருந்த அரசுப் பணம் நின்றது. ஓராண்டு யோசித்துத் தகப்பனார் போட்ட கணக்கு அரை நூற்றாண்டு தாங்கியது. அப்புறம் அதே கணக்கை நம்பி யாரும் பிள்ளையை அனுப்பியிருக்க முடியாது. அதே ஆண்டு, கன்சர்வேட்டரியில் சோபிக்காமல் காபரே விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்த எரிக் சாத்தி, 39 வயதில் ஸ்கோலாவில் மாணவராகச் சேர்ந்து இளைஞர்களோடு உட்கார்ந்தார். 1908இல் கவுண்டர்பாயிண்டில் பட்டயம் பெற்றார். அவர் பூசைக்கு வாசிக்கவா சேர்ந்தார்? இலக்கணம் கற்கவே சேர்ந்தார்.

அந்த 1905இல்தான், ராவெலுக்கு ரோம் பரிசு மறுக்கப்பட்டு எழுந்த கூச்சலின் பின், மாணவராக ஒருநாளும் கால்வைக்காத கன்சர்வேட்டரிக்கு ஃபோரே இயக்குநரானார். அவர் செய்த மாற்றங்களின் வேகத்தைக் கண்டவர்கள் ரோப்ஸ்பியர் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பாடத்திட்டத்தில் அவர் புதிதாக நுழைத்தவற்றுள் ஒன்று, நீடர்மேயர் பள்ளியில் சிறுவனாகப் பாடிய அந்த மறுமலர்ச்சிக்காலப் பல்குரலிசை.