வேக வரம்பும் நீதிமன்றமும்: தாம்பரம் சாலைகளை முன்வைத்து ஒரு சட்ட வரலாறு

இந்தியாவில் வேக வரம்பை மீறியதாகப் பதிவாகும் வழக்குகளில் பெரும்பாலானவை நீதிபதியின் முன் வாதிடப்படுவதே இல்லை. வாகன உரிமையாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது, இணையத்தில் பணம் கட்டப்படுகிறது, அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பின்னால் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை இழக்கும் அபாயம் நிற்கிறது. இந்தக் குற்றச்சாட்டை எதிர்த்து நிற்க விரும்புபவருக்குச் சட்டம் சில பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. அவற்றுள் சில நூறாண்டுக்கும் மேல் பழையவை.

தொடக்கம்

வேகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மோட்டார் வாகன ஓட்டியாகக் குறிப்பிடப்படுபவர் வால்டர் ஆர்னால்டு. 1896 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், மணிக்கு 2 மைல் வரம்புள்ள ஊருக்குள் அவர் 8 மைல் வேகத்தில் சென்றார். சைக்கிளில் துரத்திச் சென்ற காவலர் அவரைப் பிடித்தார். அபராதம் 1 ஷில்லிங். 8 மைல் என்பது சுமார் 13 கிலோமீட்டர். மாலை நேரத்தில் குரோம்பேட்டையைக் கடக்கும் பேருந்து அந்த வேகத்தைத் தொட்டாலே பயணிகள் மகிழ்வார்கள்.

1903ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மோட்டார் கார் சட்டம் வரம்பை 20 மைலாக உயர்த்தியது. ஒரே ஒரு சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் வைத்து வேகக் குற்றத்துக்குத் தண்டிக்கக் கூடாது என்ற விதியையும் அது கொண்டுவந்தது. இதனால் காவலர்கள் புதரோரம் மறைந்து, அளந்து வைத்த தூரத்தை ஒரு கார் எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று நிறுத்துக்கடிகாரம் வைத்துக் கணக்கிட்டார்கள். இந்தப் பொறிகளைப் பற்றி ஓட்டுநர்களை முன்கூட்டியே எச்சரிக்க 1905இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் தோன்றியது. வழக்குத் தொடர்வதாக 14 நாட்களுக்குள் அறிவிப்புத் தர வேண்டும் என்ற விதி அங்கே 1930இல் சேர்ந்தது.

இந்தியாவில் 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் மோட்டார் வாகனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இன்று நடப்பில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. இங்கிலாந்தில் பிறந்த இரண்டு பாதுகாப்புகளும் அதில் இன்றும் இருக்கின்றன.

சட்டத்தின் பிடிமானங்கள்

வேக வரம்பை வகுப்பது 112ஆம் பிரிவு. மீறலுக்குத் தண்டனை சொல்வது 183ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்கு முன் முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 400 ரூபாய். 2019 செப்டம்பர் 1 முதல் இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை என்று உயர்ந்தது. தமிழ்நாடு அரசு புதிய கட்டணங்களை 2022 அக்டோபரில்தான் நடைமுறைப்படுத்தியது.

183(3) உட்பிரிவுதான் அந்தப் பழைய 1903 விதியின் வாரிசு. ஒரு சாட்சி, தம் கருத்தில் வண்டி வேகமாகச் சென்றது என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தக் கருத்து ஒரு கருவியின் அளவீட்டை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். 209ஆம் பிரிவு 1930 விதியின் வாரிசு. ஓட்டுநரை அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாட்களுக்குள் நேரம், இடம், குற்றத்தின் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அல்லது 28 நாட்களுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். உரிய முயற்சி எடுத்தும் முகவரியைக் கண்டுபிடிக்க முடியாமல் போனாலோ, குற்றம்சாட்டப்பட்டவரின் நடத்தையாலேயே தாமதம் நேர்ந்தாலோ இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கேமரா வழக்குகளுக்கென 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்க்கப்பட்டது. வேகக் கேமராவுக்கும் ஸ்பீடு கன்னுக்கும் மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். அது காலாகாலத்தில் புதுப்பிக்கப்பட வேண்டும். கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். சட்டம் 14 நாள் என்கிறது, விதி 15 நாள் என்கிறது. சட்டத்தை விதி மீற முடியாது என்பதால், அந்த ஒரு நாள் வேறுபாடு வழக்கறிஞர்களுக்கு வாதப்பொருளாக இருக்கிறது.

மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்குவதற்கும் நிபந்தனை உண்டு. சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு இருக்கிறது.

கருவி தவறு செய்யுமா என்பது தனிக் கேள்வி. ரேடார் கன் டாப்ளர் விளைவை அடிப்படையாகக் கொண்டது. நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டுக் கோணத்தில் அளந்தால் அது உண்மையான வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும். எனவே ‘கோணம் சரியில்லை’ என்ற வாதம் பெரும்பாலும் ஓட்டுநருக்கு உதவாது. நெரிசலில் எந்த வண்டியின் வேகம் பதிவானது என்ற கேள்வி அதைவிட வலுவானது. மூன்று வண்டிகள் ஒட்டி ஓடும் ஜிஎஸ்டி சாலையில் அது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

தாம்பரம் பகுதி

சென்னையின் தென்புறநகரில் வேக வழக்குக்கு எல்லைச் சிக்கலும் உண்டு. தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியானது. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் செயல்படுகிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பள்ளிக்கரணை, கேளம்பாக்கம், கூடுவாஞ்சேரி முதலியவை அதன் எல்லைக்குள் வருகின்றன. கிண்டியிலிருந்து பெருங்களத்தூருக்கு ஒரே சாலையில் போகிறவர், மீனம்பாக்கத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் ஓர் ஆணையரகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைந்துவிடுகிறார். சாலையில் அதைக் காட்டும் வித்தியாசம் எதுவும் இல்லை.

2023 ஜூனில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை தானியங்கி ஸ்பீடு கன் மூலம் மணிக்கு 40 கிலோமீட்டர் வரம்பை அமல்படுத்த முனைந்தபோது பொதுமக்களிடையே எதிர்ப்புக் கிளம்பியது. காலி சாலையில் 40 கிலோமீட்டரா என்பதே பலரின் கேள்வி. திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 4 முதல் இலகு ரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 என்ற புதிய வரம்புகள் வந்தன. இவை சென்னைப் பெருநகரக் காவல் எல்லைக்கானவை. ஆகவே தாம்பரம் பகுதியில் வழக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்த அறிவிக்கையின்கீழ் வரம்பு நிர்ணயிக்கப்பட்டது என்பதுதான். குறைந்த வரம்பு வைக்க அரசிதழ் அறிவிக்கையும் வேண்டும், பொருத்தமான இடங்களில் பலகையும் வேண்டும் என்று 112(2) சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் அறிவிக்கை தேவையில்லை.

இ-சலானுக்குப் பணம் கட்டாவிட்டால் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குச் செல்கிறது. அங்கே இரண்டே வழி: அபராதத்தை ஏற்கலாம், அல்லது எதிர்க்கலாம். எதிர்த்தால் வழக்கு சம்பவ இடத்தின் அதிகார எல்லையைப் பொறுத்துத் தாம்பரம், ஆலந்தூர் போன்ற வழக்கமான நடுவர் நீதிமன்றத்துக்கு மாறும். ஆயிரம் ரூபாய்க்காக நாலு வாய்தாவுக்கு வேலையை விட்டு நீதிமன்ற வராந்தாவில் நிற்க வேண்டும் என்பதுதான் பலரைப் பணம் கட்ட வைக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டபின் மேல்முறையீடு தண்டனையின் அளவைப் பற்றிய கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது என்பதைப் பலர் பிறகே அறிகிறார்கள். வண்டியை விற்றும் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு, அப்போது ஓட்டியவர் யார் என்ற விவரத்தைத் தரும் கடமை 133ஆம் பிரிவின்படி தொடர்கிறது.

‘அதிவேகம்’ என்ற சொல்

வேக வரம்பு மீறல் வேறு, ஆபத்தாக ஓட்டுதல் வேறு. பின்னதற்கு 184ஆம் பிரிவின்படி முதல் முறையே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இந்தக் கடுமையான குற்றச்சாட்டில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 1998ஆம் ஆண்டின் கர்நாடக மாநில அரசு எதிர் சதீஷ் தீர்ப்பு. 1982 நவம்பரில் ஒரு லாரி ஓடையைக் கடக்கும்போது கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். லாரி ‘அதிவேகமாக’ வந்தது என்ற சாட்சியத்தை வைத்துக் கீழமை நீதிமன்றங்கள் ஓட்டுநரைத் தண்டித்தன. உயர் நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. அதிவேகம் ஒப்பீட்டுச் சொல் என்றும், அதனால் எதைக் குறிப்பிட்டார்கள் என்று எந்தச் சாட்சியும் விளக்கவில்லை என்றும், வேகம் மட்டுமே அஜாக்கிரதைக்குச் சான்றாகாது என்றும் அது கூறியது. 15 உயிர்கள் போன வழக்கில் இப்படி ஒரு தீர்ப்பை வாசிப்பது கடினம்தான். ஆனால் குறை தீர்ப்பில் அல்ல. வேகத்தை அளக்காமலும் விசாரிக்காமலும் விட்ட புலனாய்வில் இருக்கிறது.

அதே சிக்கல் புள்ளிவிவரங்களிலும் தொடர்கிறது. 2022இல் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள், அவற்றில் 71.2 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை காட்டுகிறது. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் 64,105 விபத்துகளுடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. இந்த வகைப்பாடு காவல்துறைப் பதிவுகளிலிருந்து வருவது. ஒவ்வொரு விபத்திலும் வேகம் அளக்கப்பட்டது என்று இதற்குப் பொருள் இல்லை.

உரிமம் யார் கையில்

கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக, உச்ச நீதிமன்றம் 2014இல் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. வேக வரம்பை மீறுபவர்களின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு அக்குழு 2015இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.  ஆனால் 206ஆம் பிரிவின்படி காவலர் உரிமத்தைக் கைப்பற்றி அனுப்ப மட்டுமே முடியும். 19ஆம் பிரிவின்கீழ், விளக்கம் கேட்டபின் முடிவெடுப்பது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் உரிமம் வழங்கும் அதிகாரி. கொல்கத்தாவில் 30 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 62இல் சென்றதாக ஒரு பெண்ணின் உரிமத்தைக் காவல்துறை உதவி ஆணையர் நிறுத்திவைத்தபோது, நீதிபதி மௌசுமி பட்டாச்சார்யா 2022 ஜூலையில் அந்த உத்தரவை இக்காரணத்துக்காகவே செல்லாது என்றார். அதிகாரியின் முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வரம்பையே கேள்விக்குள்ளாக்கிய தீர்ப்பு

சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் எதிர்த்திசையிலிருந்து வேக வரம்பைத் தொட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2013இல் நடந்த விபத்தில் 90 விழுக்காடு ஊனமடைந்த பெண் பல் மருத்துவர் ஒருவரின் இழப்பீட்டு மேல்முறையீடு அது. நீதிபதிகள் என். கிருபாகரன், டி. வி. தமிழ்ச்செல்வி அமர்வு இழப்பீட்டை 18.43 லட்சத்திலிருந்து சுமார் 1.5 கோடி ரூபாயாக உயர்த்தியது. கூடவே, விரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் வரை அனுமதித்த 2018 ஏப்ரல் 6 மத்திய அரசு அறிவிக்கையையும் ரத்து செய்தது. என்ஜினும் சாலையும் மேம்பட்டதால் மட்டும் ஓட்டுபவரின் பழக்கம் மேம்படாது என்பது அமர்வின் பார்வை. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, விரைவுச் சாலைகளில் 140 வரை அனுமதிக்கலாம் என்று பொதுமேடையில் கருத்துத் தெரிவித்தார்.

இவ்வளவு வாதங்களுக்கு நடுவே அதிகம் பேசப்படாதது 183(4). வரம்பை மீறாமல் முடிக்க இயலாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்கும்படி ஒருவர் கால அட்டவணை வெளியிட்டாலோ உத்தரவிட்டாலோ, அதுவே அவருக்கு எதிரான முதல்நிலைச் சாட்சியம் என்கிறது அந்த உட்பிரிவு. ராஜீவ் காந்தி சாலையில் பணியாளர்களை ஏற்றி ஓடும் கம்பெனி வேன் ஓட்டுநர், நேரத்துக்குள் வந்து சேரச் சொன்னவரையும் இதன்படி நீதிமன்றத்துக்கு அழைக்கக் கோரலாம்.